கார்டு விளையாட்டு செய்யும் தம்பி தங்கைகளுக்குச் சில புத்திமதிகள்

திருமயம் கோட்டை, குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை எல்லாம் படமாக வரும் கார்டு விளையாட்டு ஒன்றை நம்மூர்ப் பிள்ளைகள் செய்கிறீர்கள். மாதிரிக் கட்டை நீட்டி, "ஆடிப் பாத்துச் சொல்லுங்க தாத்தா" என்றீர்கள். ஆடினேன். படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எண்களில்தான் வேலை பாக்கி. முந்தைய கார்டைவிடப் பலமாக இருந்தால்தான் அது புதுசு என்ற நினைப்பு உங்கள் கட்டு முழுக்கத் தெரிகிறது. அதைக் கலைக்கத்தான் இவ்வளவும்.

1. முதலில் 304 ஆடிப் பழகுங்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் கனடா போனாலும் விடாத ஆட்டம். 32 சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10. ராஜாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு வகைக்கு 76, நான்கு வகைக்கும் சேர்த்து 304. யாரோ ஒருவர் ராஜாவைக் கீழே இறக்கி ஜாக்கியை மேலே ஏற்றினார்; ஏலம் எடுத்தவர் துருப்பைக் கவிழ்த்து வைக்கட்டும் என்றார். ஆட்டமே வேறாகிவிட்டது. ஆனால் மொத்தப் புள்ளி 304-ஐத் தாண்டவில்லை. உங்கள் கட்டுக்கும் இப்படி ஒரு மொத்தத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் ஏற்றினால் இன்னோரிடத்தில் இறக்கியே ஆக வேண்டும்.

2. எண் ஒன்றாக இருந்தால் பலமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இந்த வகை விளையாட்டுக்கெல்லாம் மூத்தது 1993-ல் அமெரிக்காவில் வந்த 'மேஜிக்: தி கேதரிங்'. செய்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அதன் முதல் தொகுப்பிலேயே ஐந்து நிறத்துக்கு ஐந்து கார்டு, எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு: ஒரு மேனா (கார்டு போடச் செலவழிக்கும் சக்தி) செலவழித்தால் எதிலாவது மூன்று கிடைக்கும். 'லைட்னிங் போல்ட்' எதிராளிக்கு மூன்று அடி கொடுக்கும். 'ஹீலிங் சால்வ்' மூன்று உயிர்ப்புள்ளி தரும். 'ஆன்செஸ்ட்ரல் ரீகால்' மூன்று கார்டு எடுக்க விடும். காகிதத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நடந்ததோ வேறு. மூன்று கார்டு எடுக்கும் கார்டு விளையாட்டு வரலாற்றிலேயே மிகப் பலமான ஒன்பதில் ஒன்றாகிவிட்டது. மூன்று உயிர் தரும் கார்டைக் கட்டில் சேர்ப்பார் இல்லை. அடி கொடுக்கும் கார்டு மட்டும் நடுவில் நின்று, இன்றைக்கும் மற்ற கார்டுகளை நிறுத்துப் பார்க்கும் எடைக்கல்லாக இருக்கிறது.

காரணம் எளிது. உயிர் கூடினால் தோல்வி தள்ளிப்போகும், அவ்வளவுதான். கையில் கார்டு கூடினால் அந்த மூன்றும் அடியாகலாம், உயிராகலாம், இன்னும் மூன்று கார்டாகவும் ஆகலாம். ஆகவே கார்டு எடுக்க வைக்கும் எதற்கும், மேனா பெருக்கும் எதற்கும் விலையை முதலில் கூட்டியே போடுங்கள். பிறகு குறைத்துக்கொள்ளலாம். உங்கள் 'கல்வெட்டு' கார்டு இரண்டு எடுக்க விடுகிறது, செலவு ஒன்று. செலவை மூன்றாக்குங்கள்.

3. இதுதான் முக்கியம். புதுமையையும் பலத்தையும் ஒரே கார்டில் ஏற்றாதீர்கள். பழைய விதியில் பலமான கார்டு செய்தால் எங்கே உதைக்கும் என்று தெரியும். புது விதியில் சாதுவான கார்டு செய்தால், கணக்கு தப்பினாலும் யாரும் சாகப்போவதில்லை. இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மேஜிக்கின் 'ஸ்கல்கிளாம்ப்' கார்டு ஒன்றே போதும். 2004 பிப்ரவரியில் வந்தது. அப்போது 'கருவி' என்ற கார்டு வகையே புதுசு. இதை மாட்டிய வீரனுக்குத் தாக்கும் பலம் ஒன்று கூடும், தாங்கும் பலம் ஒன்று குறையும்; அவன் செத்தால் இரண்டு கார்டு எடுக்கலாம். அந்தக் கழித்தல் குறி தண்டனை போலத் தெரியும். ஆனால் தாங்கும் பலம் ஒன்றே உள்ள பொடி வீரனுக்கு மாட்டினால் அவன் அங்கேயே செத்து விழுவான், ஒரு மேனாவுக்கு இரண்டு கார்டு வந்துவிடும். கடைசிக் கட்டத்தில் எண்ணை மாற்றி, மாற்றியதைச் சரியாக ஆடிப் பார்க்காமல் அனுப்பியதால் வந்த வினை. அந்த ஜூனிலேயே தடை செய்தார்கள்.

2019 அக்டோபரில் வந்த 'ஓகோ' இன்னும் மோசம். எதிராளி பாடுபட்டு இறக்கிய எந்த மிருகத்தையும் சாதாரண மான் ஆக்கிவிடும். நவம்பர் 18-ல் முக்கியப் போட்டி வடிவத்தில் தடை அறிவித்தார்கள். அது பலமானது என்பது ஒரு குறை. அடுத்தவன் கார்டில் எழுதியிருப்பதையே அழித்துவிடுகிறது என்பது பெரிய குறை. தோற்றவனுக்கும் தன் கார்டை ஆடிப் பார்த்த திருப்தி வேண்டாமா?

4. பூட்டையும் சாவியையும் ஒரே பேக்கில் வையுங்கள். பீரங்கி வரும் தொகுப்பிலேயே அகழியும் வரட்டும்.

5. ஒரு புதுமை துள்ளினால் உடனே அதைக் கொன்றுவிட வேண்டியதில்லை, விதியில் பிரேக் போடலாம். போக்கிமான் கார்டு விளையாட்டு 1996-ல் ஜப்பானில் தொடங்கியபோது 'புரொஃபசர் ஓக்' என்று ஒரு கார்டு: கையில் இருப்பதைக் கழித்துவிட்டு ஏழு புதுக் கார்டு எடு. ஒரே முறையில் இரண்டு, மூன்று என்று போட்டுத் தள்ளினார்கள். பிறகு 'சப்போர்ட்டர்' என்று ஒரு வகை கொண்டுவந்து, ஒரு முறைக்கு ஒன்றுதான் என்றார்கள். அதே ஏழு கார்டு வரி 2011-ல் 'புரொஃபசர் ஜூனிப்பர்' என்ற பெயரில் அந்த வகையில் திரும்பி வந்தது, ஒழுங்காகவும் நடந்துகொண்டது. மேஜிக்கிலும் 2020-ல் கட்டுக்கு வெளியே எப்போதும் தயாராக நிற்கும் 'துணைவன்' கார்டுகள் வந்து, எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் ஒரே ஆட்டமாகத் தெரிந்தது. சில வாரங்களில், அதைக் கைக்குக் கொண்டுவர மூன்று மேனா கட்டு என்று விதியையே திருத்தினார்கள்.

6. 'இது கிடைப்பதே அபூர்வம், அதனால் பலமாக இருக்கலாம்' என்று உங்களில் ஒருவர் வாதாடினார். கார்ஃபீல்டும் அப்படித்தான் கணக்குப் போட்டார்: ஆளுக்குக் கொஞ்சம் பேக் வாங்குவார்கள், ஒரு நண்பர் வட்டத்தில் 'பிளாக் லோட்டஸ்' என்ற அபூர்வக் கார்டு ஒன்று இருந்தால் அதிகம் என்று. ஆட்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். அபூர்வத்தால் கார்டின் விலை ஏறும், பலம் குறையாது. பள்ளிக்கூட வாசலில் ஆடிய மல்யுத்த டிரம்ப் கார்டை நினைத்துப் பாருங்கள். முதல் ரேங்க் கார்டு வைத்திருந்த பையன் "ரேங்க்" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசினானா? இந்த ஊர்ப் பிள்ளை கையில் இருக்கும் பத்து ரூபாய்க்கு வாங்கும் பேக்கிலும் ஜெயிக்க வழி இருக்க வேண்டும்.

7. சிவகாசிக்கு ஃபைல் அனுப்புவதற்கு முன் நன்றாக அடித்து ஆடுங்கள். கம்ப்யூட்டர் விளையாட்டென்றால் ராத்திரியோடு ராத்திரியாக எண்ணை மாற்றலாம். அச்சடித்த அட்டையில் அது நடக்காது. பழைய ரம்மிக் கட்டில் தாளை ஒட்டி, பென்சிலில் எண் எழுதினால் போதும். கூட்டாளிகளுக்குள்ளேயே ஆடாதீர்கள், நீங்கள் நினைத்தபடிதான் அவர்களும் ஆடுவார்கள். ஜெயிக்க வேண்டும் என்று வெறி பிடித்த ஒருவனிடம் கொடுங்கள். அவன் ஒரே கார்டை நான்கு எடுத்துக்கொண்டு வந்தால் அந்தக் கார்டைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணை மாற்றினால், மறுபடி ஆடிய பிறகுதான் அச்சு.

8. இவ்வளவு படித்துவிட்டுப் பயந்துபோய் எல்லாவற்றையும் சப்பென்று ஆக்கிவிடாதீர்கள். ஸ்கல்கிளாம்ப் காலத்து ரகளைக்குப் பிறகு, 2004 கடைசியில் ஜப்பானியப் புராணங்களைத் தழுவி 'காமிகாவா' வந்தது. நல்ல கற்பனை, ஆனால் பல புது விதிகள் அந்தத் தொகுப்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன, பலமும் குறைவு. சரியாக விற்கவில்லை. யாரும் ஆடாத புதுமையைச் செய்ததும் செய்யாததும் ஒன்றே. ஒரு கார்டைத் தடை செய்ய நேர்ந்த தொகுப்பை ஆட்கள் மறுபடி எடுத்து ஆடுவார்கள். அலுப்புத் தட்டிய தொகுப்பு பெட்டியிலேயே கிடக்கும். தடை செய்யும் நிலை வந்தால் தயங்காதீர்கள். காரணத்தை நாலு வரியில் தமிழில் அச்சடித்து, அந்தக் கார்டைக் காசு கொடுத்து வாங்கிய பிள்ளைகளிடம் கொடுங்கள், கூடவே ஒரு மாற்றுக் கார்டும்.