தூக்கக் கண்ணோடு டிரக்டர் வேண்டாம்



திருகோணமலைப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தங்கள் நம்மில் பலருக்கு உண்டு. கந்தளாய், தம்பலகாமம், மூதூர் வயல்களில் பெரும்போக அறுவடை வந்தால் டிரக்டருக்கு ஓய்வில்லை, ஓட்டுகிறவருக்கும் இல்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. கொழுந்து ஏற்றுகிற நம் தோட்டத்து டிரக்டருக்கும் இதே பாடந்தான்.

1. களைப்பும் ஒரு போதை. 17 மணித்தியாலம் விழித்திருப்பவர், மது குடித்தவரைப் போலவே தடுமாறுவார் என்று 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. விடிய 4 மணிக்கு எழும்பினால் இரவு 9 மணிக்கே அந்த நிலைதான்! பிளேன்டீ கொஞ்ச நேரம் தாங்கும், தூக்கத்துக்கு ஈடாகாது. வண்டியை நிறுத்தி 20 நிமிடம் கண்ணயருங்கள்.

2. வாய்க்கால் கரையில் ஒரு சில்லு இறங்கினால், டிரக்டர் கவிழ ஓரிரு வினாடி போதும். குதிக்க நேரம் கிடைக்காது. அதனால்தான் சுவீடன் 1959இலேயே புதிய டிரக்டர்களுக்குப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது.

3. றோட்டில் ஏறுமுன் இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கியால் சேர்த்து மாட்டுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துப் புரளும்.

4. மட்கார்டில் யாரையும் ஏற்றாதீர்கள். பிள்ளை ஆசையாகக் கேட்டாலும் வேண்டாம்.

ஓட்டுகிறவர் கொட்டாவி விட்டால், "அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். ஒரு நடை குறைந்தால் நாளைக்கு ஓடலாம். ஆள் போனால் திரும்பி வருவாரா? இன்று இரவே வீட்டில் பேசுவோம்.