எண்ணூர்க் கால்வாயும் பிரைட்டன் நகரமும்

வடசென்னையில் காக்ரேன் பேசின் சாலை என்றொரு சாலை உண்டு. அதன் வழியே நாள்தோறும் செல்வோருள் அப்பெயருக்கு உரியவர் யாரென அறிந்தோர் மிகச் சிலரே. பேசில் காக்ரேன் என்பவர் ஸ்காட்லாந்து நாட்டு டண்டொனால்டு பிரபுவின் இளைய மைந்தர்களுள் ஒருவர். அந்நாட்டு வழக்கப்படி பட்டமும் குடும்ப நிலமும் மூத்த மகனையே சேரும். இளையோர் வேறு வாழ்வு தேடிக்கொள்ள வேண்டும். அவ்வாறே இவர் இளமையில் சென்னைக்கு வந்து கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியேற்றார். பின்னர் ஆங்கிலக் கடற்படைக்கு உணவுப்பொருள் வழங்கும் ஒப்பந்தங்களால் பெருஞ்செல்வம் ஈட்டினார்.

அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. அலைகளுக்கு அஞ்சிச் சரக்குப் படகுகள் கரையோரம் செல்வது அரிது. ஆதலின், 1801-ஆம் ஆண்டு முதல் 1806-ஆம் ஆண்டு வரையில், சென்னையிலிருந்து எண்ணூர்க் கழி வரை ஏறத்தாழ 11 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. உப்பும் விறகும் அதன் வழியே படகுகளில் நகருக்கு வந்தன. காக்ரேன் கால்வாய் என வழங்கிய அதனை 1837-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 1878-இல் அது பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியாயிற்று. இவ்வாறு சென்னையில் செல்வராகிய காக்ரேன், தாயகம் திரும்பி இலண்டனில் பெரியதொரு மாளிகை வாங்கி, அதில் நீராவிக் குளியல் நிலையம் ஒன்றை அமைத்தார். அந்நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த ஓர் இந்தியர், பின்னாளில் பிரைட்டன் நகரின் புகழுக்கே ஒரு காரணமானார்.

பிரைட்டன், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது மீனவர் வாழும் எளிய கடற்கரைச் சிற்றூராகவே இருந்தது. ரிச்சர்டு ரசல் என்னும் மருத்துவர், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீர் மருந்தாகும் என 1750-இல் ஒரு நூல் எழுதினார். கடலில் மூழ்குவதோடு, அந்நீரைக் குடிக்கவும் வேண்டும் என்பது அவர் கொள்கை! குடித்தோர் பெற்ற பயன் எத்தகையதோ; நல்ல காற்றும் ஓய்வும் பலருக்கு நலம் தந்திருத்தல் கூடும். செல்வர்கள் அவ்வூரை நாடி வந்தனர். கம்பர்லாந்துக் கோமகன் அங்கே தங்கினார். அவரைக் காண 1783-இல் வந்த இளவரசர் ஜார்ஜ், ஊரை விரும்பித் தமக்கும் ஓர் இல்லம் அமைத்துக்கொண்டார். அவ்வில்லமே 1815-க்கும் 1822-க்கும் இடையில், இந்திய அரண்மனைகளைப் போன்ற கவிகை மாடங்களுடன் புதுப்பிக்கப் பெற்றது. பிரபுக்களின் மாளிகைகள் பெருகப் பெருக, மீனவர்கள் வலை உலர்த்தி வந்த புல்வெளி சிறிது சிறிதாக அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. இராயபுரத்தார்க்கும் காசிமேட்டார்க்கும் அவ்விழப்பின் அளவை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

மேற்கூறிய இந்தியரின் பெயர் தீன் முகமது. 1759-இல் பாட்னாவில் பிறந்த இவர், கம்பெனிப் படையில் பணியாற்றியபின், 1784-இல் அயர்லாந்து சென்று, அங்கேயே மணம் புரிந்துகொண்டார். 1794-இல் தம் பயணங்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் நூல் எழுதிய முதல் இந்தியர் இவரே என்பர். பின் இலண்டன் சென்று காக்ரேனிடம் பணிபுரிந்தார். 1810-இல் இந்திய உணவு வழங்கும் காப்பி விடுதி ஒன்றைத் தொடங்கிப் பொருளையெல்லாம் இழந்தார். ஐம்பது வயதைக் கடந்த நிலையில், 1814-இல் பிரைட்டனுக்குக் குடிபெயர்ந்து, மீண்டும் முதலிலிருந்து வாழ்வைத் தொடங்கினார்.

அங்கே அவர் நடத்திய குளியல் நிலையத்தில், நோயாளர் முதலில் மூலிகை கலந்த ஆவியில் வியர்க்க இருப்பர். அவரைச் சுற்றிக் கம்பளித் துணியாலான கூடாரம் ஒன்று இருக்கும். அதில் சட்டைக் கைகள் போன்ற துளைகள் உண்டு. வெளியே நிற்பவர் அவற்றினூடே கைகளை நுழைத்து உடலைப் பிடித்துவிடுவார். நம் நாட்டில் நாவிதரும் முதியோரும் அறிந்த எளிய கலைதான் இது. அழுத்திப் பிடித்தலைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்தே ஷாம்பூ என்னும் சொல் ஆங்கிலத்துக்குச் சென்றது. தலை கழுவும் பொருளை அது குறிக்கலானது பிற்காலத்தில்தான்.

முதலில் நகைத்தோர் பலர். ஆயினும் முடக்குவாதத்தால் வருந்திய சிலர் நலம் பெற்று, தாம் ஊன்றி வந்த கோல்களை அங்கேயே விட்டுச் சென்றனர். அவை அந்நிலையத்தில் காட்சிப் பொருள்களாயின. நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களும் முகமதைத் தம் பணியில் அமர்த்தினர். எனினும் மருத்துவக் கல்வி பெற்றவராகத் தம்மைக் காட்டிக்கொள்ள, தம் பிறந்த ஆண்டை அவர் பத்தாண்டுகள் முன்தள்ளிக் கூறினார். கைத்திறனை மட்டும் சொன்னால் அந்நாட்டார் மதியார் என அவர் கருதினார் போலும்.

1841-இல் இலண்டனிலிருந்து பிரைட்டனுக்கு இருப்புப்பாதை வந்தது. எளிய மக்கள் ஞாயிறுதோறும் திரண்டு வந்தனர், பிரபுக்கள் விலகினர். விக்டோரியா அரசியாருக்கோ அவ்வூர் பிடிக்கவில்லை. அரண்மனை 1850-இல் நகராட்சிக்கு விற்கப்பட்டது. பங்காளியின் மறைவுக்குப்பின் முகமதின் நிலையமும் கைமாறியது. அவர் 1851-இல் காலமாகி, பிரைட்டனில் உள்ள தூய நிக்கோலசு கோவில் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் தாமே மாற்றிக் கூறிய வயதே அக்கல்லறையிலும் பொறிக்கப்பட்டுள்ளது.