மண் பறந்த சிமரான் கவுண்டி

அமெரிக்க மாநிலங்களில் மாவட்டம் போன்ற பிரிவுக்குக் 'கவுண்டி' என்று பெயர். ஒக்லஹோமா மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருப்பது சிமரான் கவுண்டி. பரப்பு சுமார் 1,840 சதுர மைல். டெக்சாஸ், நியூ மெக்சிகோ, கொலராடோ, கான்சாஸ் என நான்கு வெளி மாநிலங்களைத் தொட்டு நிற்கும் கவுண்டி அந்நாட்டில் இது ஒன்றே. வடமேற்கிலுள்ள பிளாக் மேசா என்ற மேட்டுநிலம் 4,973 அடி உயரம். ஆண்டு மழை சுமார் 17 அங்குலம்தான், காற்றுக்கோ குறைவில்லை.

புல்லும் கலப்பையும்

1890 வரை எந்த மாநில ஆட்சிக்கும் உட்படாத பூமி இது. குட்டையான புல் வளர்ந்து, தன் வேரால் மண்ணைக் கட்டிக் காத்தது. 1907-ல் கவுண்டி அமைந்தது. 1908-ல் தலைநகரான பாய்ஸ் சிட்டியில், மரங்கள் நிறைந்த தெருக்கள் இருப்பதாகப் பொய் விளம்பரம் செய்து மனைகளை விற்றார்கள். நம்பி வந்தவர்கள் கண்டது வெட்டவெளி!

முதல் உலகப் போரின்போது கோதுமை விலை ஏறியது. உழவர்கள் டிராக்டரும் வட்டுக் கலப்பையும் கொண்டு புல்வெளியைப் புரட்டினார்கள். மேல்மண் பொடியாயிற்று. பின்னர் விலை சரிந்தது. 1930-களில் மழையும் பொய்த்தது. பிடித்துக்கொள்ள வேர் இல்லாததால் மண் காற்றோடு பறந்தது. 1935 ஏப்ரல் 14-ல் வீசிய புழுதிப் புயல் பகலை இரவாக்கியது. அந்த நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்கிறார்கள். 1930-ல் 5,400-க்கு மேல் இருந்த மக்கள்தொகை, 1940-ல் சுமார் 3,650 ஆயிற்று. 2020 கணக்கெடுப்பில் 2,296 பேரே.

மண்ணைக் காத்த முறைகள்

அதே 1935 ஏப்ரலில் அமெரிக்க அரசு மண்வளப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. இப்பகுதி உழவர்களுக்குச் சொல்லப்பட்ட முறைகள்:

1. சரிவுக்குக் குறுக்கே உழுது மழைநீரை வயலிலேயே தேக்குதல்.

2. காற்று வீசும் திசைக்குக் குறுக்கே பார் பிடித்தல்.

3. கோதுமைக்கு இடையிடையே சோளத்தைப் பட்டை பட்டையாக விதைத்தல்.

4. அறுவடைக்குப் பின் தாளை எரிக்காமல் நிலத்திலேயே விடுதல்.

பயிருக்கு உதவாத நிலங்கள் சிலவற்றை அரசே வாங்கி, மீண்டும் புல் விதைத்தது. இக்கவுண்டியிலும் டெக்சாசிலும் பரவியுள்ள ரீட்டா பிளாங்கா தேசியப் புல்வெளி அப்படி வந்ததே.

புல்லைப் புரட்டச் சில ஆண்டுகள் போதும். மண்ணைத் தேற்றப் பல ஆண்டுகள் வேண்டும். மழை குறைந்த மேட்டுநிலத்தில் உழவு செய்வோர் நிலத்தை ஒருபோதும் வெறுமையாக விடலாகாது.