துபாயில் அப்பா, ஊரில் பாப்பா

இரண்டு வயதுக் குழந்தையிடம் வீடியோ காலில் “சாப்பிட்டியா, தூங்கினியா” என்றே கேட்டுக்கொண்டிருந்தால் அது ஓடிவிடும். பேச்சைக் குறைத்து விளையாடுங்கள். துண்டால் முகத்தை மூடித் திறக்கலாம். ஒரே படப் புத்தகத்தில் இரண்டு பிரதிகள் வாங்கி, ஒன்றை ஊருக்கு அனுப்பிவிட்டுச் சேர்ந்து பக்கம் புரட்டலாம். நீங்கள் திரையில் ஊட்டுவதுபோல் காட்ட, அங்கே பாட்டி நிஜமாகவே ஊட்டலாம். இட்லி இரண்டு வாய் கூடுதலாகவே இறங்கும்.

ஊரில் இரவு 7.30, குழந்தை சாப்பிடும் நேரம் என்றால் துபாயில் மாலை 6. தினமும் அதே நேரத்தில் அழையுங்கள். போன் குழந்தை கையில் இருந்தால் மின்விசிறிதான் தெரியும். சொம்பில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள்.

திரை பற்றிக் கவலையா? ஒன்றரை வயதுக்குள் திரையைத் தவிர்க்கச் சொல்லும் அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவர்கள் அமைப்பே வீடியோ காலுக்கு விலக்கு தருகிறது. ஒன்று மட்டும்: அழைப்பின்போது “அப்பாவுக்கு முத்தம் கொடு” என்று குழந்தையை யாரும் வற்புறுத்த வேண்டாம்.