ஈரக் கட்டடத்துக்குத் துத்தநாகக் கூரை

கேள்வி: ஐரோப்பாவில் குடிநீர் நிலையக் கட்டடங்களுக்குத் துத்தநாகத் தகட்டில் கூரை போடுகிறார்களே, எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் அது தாங்குமா?

பதில்: தாங்கும், அடியில் காற்று ஓடினால். மழையில் நனைந்து காயும் மேற்பக்கத்தில் ஒரு படலம் தானாகவே படிந்து உலோகத்தைக் காக்கும். பாரிஸ் கூரைகளின் சாம்பல் நிறம் அதுதான்.

அடிப்பக்கத்தின் கதை வேறு. தொட்டிகளிலிருந்து எழும் ஈரக்காற்று குளிர்ந்த தகட்டில் பட்டு, துளித்துளியாகத் தேங்கினால் வெள்ளைத் துரு பிடித்து உள்ளிருந்தே அரிக்கும். வெளியே தெரியும்போது ஓட்டையே விழுந்திருக்கும். ஆகவே உள்பக்கம் நீராவி புகாத படலமும், தகட்டுக்கு அடியில் இறவாரத்திலிருந்து முகடு வரை காற்று இடைவெளியும் வேண்டும். இந்த இரண்டிலும் சிக்கனம் பார்க்கவே கூடாது.

10 மீட்டர் நீளத் தகடு, 50 டிகிரி வெப்ப வேறுபாட்டில் சுமார் 11 மில்லிமீட்டர் விரியும். அதனால்தான் தகட்டின் மேல் ஆணி அடிக்காமல், விளிம்புகளை நிமிர்த்தி மடித்து, நழுவ இடம் தரும் கிளிப்புகளால் பிடிக்கிறார்கள். அரிப்பைத் தவிர்க்க, செம்பின் மேல் ஓடிய தண்ணீர் துத்தநாகத் தகட்டின் மேல் வடியக் கூடாது. குளோரின் அறைக்கு மட்டும் நான் துத்தநாகத்தைச் சொல்ல மாட்டேன்.