எறும்புகளின் கலவிப் பறப்பு: கண்டறியும் முறை

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் மாசி, பங்குனி மாதங்கள் பெரும்பாலும் வறண்டவை. சித்திரை, வைகாசியாகிய இளவேனிலில் இடியுடன் கோடை மழை பெய்து மண் நனைந்த பின்னர், சிறகுள்ள பூச்சிகள் திரள்திரளாகத் தரையினின்றும் எழுவதைக் காணலாம். விளக்கொளியை நாடி வரும் இவை யாவற்றையும் மக்கள் பொதுவாக ஈசல் என்றே அழைப்பதுண்டு. ஆயின் இவற்றுள் சில கறையானின் சிறகுருவங்கள். சில எறும்பின் சிறகுருவங்கள்.

இவ்விரண்டையும் பிரித்தறிதல் களப்பணியாளருக்கு இன்றியமையாதது. கறையான் நிலக்கடலைச் செடியின் வேரையும் காயையும் தாக்குவது; மாங்கன்றுகளுக்கும் கேடு செய்வது. எறும்புகளிற் பலவோ பயிரை அழிக்கும் பூச்சிகளைப் பிடித்துண்பவை. அடையாளம் தவறினால் மருந்தும் பணமும் வீணாவதுடன், உழவருக்கு உதவும் உயிரும் அழியும்.

வேறுபாடுகள்

எறும்பின் இடை மிக ஒடுங்கியது. கறையானுக்கு அத்தகைய ஒடுக்கம் இல்லை. எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும். கறையானுடையது மணி கோத்தாற்போல் நேராக இருக்கும். எறும்பின் முன்சிறகு பின்சிறகைவிட நீளமானது. கறையானின் நான்கு சிறகுகளும் ஏறத்தாழ ஒரே அளவின. சிறகுதிர்ந்த இரண்டு பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் ஊர்ந்து செல்லின், அவை கறையான் இணை என்று கொள்ளலாம்.

பறப்பின் காரணம்

ஈர மண்ணைத் தோண்டுதல் எளிது; ஈரக்காற்றில் உடல் விரைவில் உலராது. ஒரே மழையை அடையாளமாகக் கொண்டு பல புற்றுகளிலிருந்து ஒரே வேளையில் புறப்படுவதால், வேறு புற்றின் துணை கிடைக்கிறது. கலவிக்குப் பின் ஆண் எறும்பு விரைவில் மடிகிறது. இராணி பெற்ற விந்தணுக்களை உடலினுள் சேமித்து, வாழ்நாள் முழுவதும் பயன்படுத்துகிறது. கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும், கருவுறா முட்டையிலிருந்து ஆணும் தோன்றுகின்றன. பல இனங்களில் இராணி சிறகை உதிர்த்து, மண்ணறையில் அடைபட்டு, பயனற்றுப்போன சிறகுத் தசைகளையே கரைத்து முதற் குஞ்சுகளை ஊட்டி வளர்க்கிறது. ஐரோப்பியக் கருந்தோட்ட எறும்பின் இராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவுண்டு. கறையானில் நிலைமை வேறு. அங்கு ஆண் மடிவதில்லை. அரசனாக இராணியுடன் புற்றிலேயே வாழ்கிறது.

கவனிக்கும் முறை

மழை பெய்த மறுநாள் முதல் காலையிலும் மாலையிலும் புற்றுவாய்களைப் பார்க்க வேண்டும். வேலைக்கார எறும்புகள் வழக்கத்திற்கு மாறாக வாயிலில் குழுமுவதும், வாயில் அகலப்படுத்தப்படுவதும் முன்னறிகுறிகள். கரிச்சானும் மைனாவும் ஓரிடத்தில் திரண்டு பூச்சி பிடிப்பதும் நல்ல குறிப்பு. கட்டெறும்பை மரத்தடியில் தேடலாம். மாவிலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பின் இராணி பசுமை கலந்த நிறமுடையது. அதனால் எளிதில் அடையாளம் காணலாம். இரவில் வெண்துணிக்கு முன் விளக்கு வைத்தும் பார்க்கலாம்.

நாள், நேரம், இடம், முந்தைய மழையளவு, காற்று ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. சிறகுள்ளவற்றுடன் அதே புற்றின் வேலைக்கார எறும்புகள் சிலவற்றையும் சாராயத்தில் இட்டுச் சீட்டு ஒட்டுதல் நன்று. தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை ஜெர்டன் 1851இல் வெளியிட்டார். இந்திய எறும்புகளைப் பற்றிய பிங்காமின் நூல் 1903இல் வந்தது. எனினும் பல இனங்கள் வேலைக்கார எறும்பைக்கொண்டே விவரிக்கப்பட்டவை; அவற்றின் ஆண்கள் இன்னும் அறியப்படவில்லை. ஆகவே, ஒரு கிராமப் பள்ளி முறையாகச் சேர்க்கும் மாதிரியும் விஞ்ஞானத்திற்குப் பயன்படும். சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வனத்துறையின் அனுமதியின்றி எதனையும் பிடித்தலாகாது.

ஆசிரியர்கள் இக்குறிப்பேட்டை ஆண்டுதோறும் தொடர்வாராக. முதல் மழையும் முதற் பறப்பும் எந்நாளில் நிகழ்ந்தன என்னும் வரிசை, பத்தாண்டு சேருமாயின், அவ்வூர்ப் பருவத்தின் போக்கை மாணவர் தாமே கண்டறிய உதவும்.