தாக்கும் படையின் எல்லை

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. காலமும் இடமும் நோக்குமுன் வலியை அளந்துகொள்ளல் வேண்டும் என்பது அவ்வைப்புமுறையாற் பெறப்படும். ஆயினும், அவ்வலியைப் புறப்படும் நாளில் ஒருமுறை அளந்தாற் போதுமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா. படையெடுத்துச் செல்வோனுடைய வலி பாசறையில் எண்ணிப் பார்த்தபடியே என்றும் இருப்பதன்று. அவன் முன்வைக்கும் ஒவ்வோர் அடியிலும் அது தேய்ந்துகொண்டே போகின்றது.

இவ்வுண்மையை முறைப்பட விளக்கியவர் பிரஷ்ய நாட்டுப் போர்வீரராகிய கிளாஸ்விட்ஸ் என்பார். அவர் 1831-ஆம் ஆண்டில் இறந்தபின், போரைப் பற்றி அவர் எழுதிவைத்த பெருநூலை அவர்தம் மனைவியார் 1832 முதல் வெளியிடலாயினர். முன்னேறும் சேனை தான் பிடித்த ஊர்களைக் காக்க ஆள் நிறுத்த வேண்டும். உணவும் வெடிமருந்தும் வரும் வழி நாளுக்கு நாள் நீளுமாதலின் அவ்வழிக்கும் காவல் வேண்டும். நோயும் நடையும் எஞ்சியோரைக் குறைக்கும். பின்வாங்கும் பகைவனோ தன் களஞ்சியத்தை நெருங்கிக்கொண்டிருப்பான். இங்ஙனம் செல்லுங்கால் ஓர் இடம் வரும். அங்கே நின்றுவிட்டால் பெற்றதைக் காக்க வலி போதும். அதனைக் கடந்தால் பெற்றதும் போம். இதனை அவர் தாக்குதலின் உச்சி என்றனர். மலையின் உச்சியை ஏறுவோன் கண்ணாற் காண்பான். சேனாபதிக்கோ இவ்வுச்சி பெரும்பாலும் கடந்து சென்ற பின்னரே புலப்படுகின்றது.

கிளாஸ்விட்ஸ் இதனை ஏட்டிற் கற்றவரல்லர். 1812-இல் அவர் ருஷ்யச் சேனையில் ஊழியம் பூண்டு நெப்போலியனை எதிர்த்து நின்றவர். ஜூன் 24-ஆம் நாள் நீமென் ஆற்றைக் கடக்கத் தொடங்கிய பெரும்படை நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டது. செப்டம்பர் 7-ஆம் நாள் பொரொடினோக் களத்தில் நெப்போலியனுடன் நின்றோர் ஏறக்குறைய 1,30,000 பேரே. பனிதான் அவனை வென்றது என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வர். பனி விழுமுன்னரே, கோடை வெயிலிலேயே, வழிக்காவலும் நோயும் பசியும் ஓட்டமும் அப்படையின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

காலத்தால் அண்மையதும் நம் நாட்டு மண்ணிலேயே நிகழ்ந்ததுமான ஒன்றை இனி விரித்துக் காண்போம். அது 1944-ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவிலிருந்து மணிப்பூரின்மேலும் நாகமலையின்மேலும் தொடுத்த படையெடுப்பு. அதனை நடத்தியவர் பதினைந்தாம் சேனையின் தலைவர் முடாகுச்சி ரென்யா. வியப்பு யாதெனில், 1942-இல் இத்தகைய திட்டம் ஒன்று எழுந்தபோது, காடும் மலையும் இடங்கொடா என்று மறுத்தவர்களுள் இவரும் ஒருவர். அடுத்த ஆண்டில் விங்கேட் என்னும் ஆங்கிலத் தளபதி ஒரு சிறுபடையுடன் அம்மலைகளைத் தாண்டி வரவே, அவர் வந்த வழியில் நாமும் போகலாம் என இவர் மனம் மாறினர். சிறுபடை ஊடுருவிச் செல்லும் வழி வேறு, மூன்று டிவிஷன்கள் மாதக்கணக்கில் உண்டு உயிர்வாழும் வழி வேறு என்பதை அவர் கருதவில்லை. சேனையின் தலைமைக் காரியதரிசியும், போக்குவரத்து நுணுக்கம் அறிந்தவருமான ஒபாட்டா அதனைக் கருதினார், எடுத்தும் உரைத்தார். 1943-இல் அவர் அப்பதவியினின்று நீக்கப்பட்டார்.

திட்டத்தின் கணக்கு இதுவே: சிப்பாய்கள் ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு வேண்டும் உணவைச் சுமந்து செல்வர்; ஆடுமாடுகளையும் உடன் ஓட்டிச் செல்வர்; அதற்குள் இம்பாலைப் பிடித்து, ஆங்கிலேயரின் களஞ்சியங்களைக் கொண்டு உண்பர். மலாயாவில் இவ்வாறே நடந்தது. அங்கே பின்வாங்கியோர் விட்டுச்சென்ற உணவும் வண்டிகளும் வென்றோருக்குப் பயன்பட்டன. 1942 பெப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. பழைய வெற்றியைப்போல் மனிதனை ஏமாற்றும் ஆசிரியன் வேறில்லை. 1944 மார்ச்சு நடுவில் சிண்ட்வின் ஆற்றைக் கடக்கும்போதே மாடுகள் பல வெள்ளத்தில் மாண்டன. எஞ்சியவற்றுள் பல மலைச்சரிவுகளில் விழுந்தன.

எதிர்நின்ற தளபதி ஸ்லிம், எல்லையோரத்தில் நின்று பொருதலை விடுத்துத் தம் டிவிஷன்களை இம்பால் சமவெளிக்கு இழுத்துக்கொண்டார். பகைவனுடைய வழி நீளட்டும், தம் வழி குறுகட்டும் என்பதே அவர் எண்ணம். ஸ்லிமும் பிழையற்றவரல்லர். பின்வாங்கும் ஆணை காலந்தாழ்ந்தது; கோஹிமாவின்மேல் ஒரு டிவிஷன் முழுவதும் வரும் என அவர் எதிர்பார்க்கவுமில்லை. ஆயினும் அப்பிழைகளைப் பொறுக்க அவரிடம் மிகுவலி இருந்தது. அரக்கானில் போரிட்டுக்கொண்டிருந்த ஐந்தாம் இந்திய டிவிஷன் துப்பாக்கிகளோடும் கோவேறு கழுதைகளோடும் ஆகாய விமானங்களில் ஏற்றிக் கொணரப்பட்டது. சாலைகள் அடைபட்ட பின்னரும் இம்பாலுக்கு உணவு வான்வழியே வந்தது. முற்றுகையிட்டவன் பட்டினி கிடக்க, முற்றுகையுண்டவன் உண்டான்.

கோஹிமாவை வளைந்தவர் முப்பத்தொன்றாம் டிவிஷன் தலைவர் சாத்தோ. ஏப்ரல் தொடக்கத்தில் அங்கிருந்த காவற்படை சிறிது. அது இரு வாரம் தாங்கிநின்றது. மாவட்ட அதிகாரியின் டென்னிஸ் மைதானத்துக்கு இப்புறம் ஒருவரும் அப்புறம் ஒருவருமாகப் பொருதனர். திமாப்பூர் இரயில் நிலையத்தையும் அதன் பெருங்களஞ்சியத்தையும் நோக்கிச் சாத்தோ அப்போதே விரைந்திருந்தால் பசியும் தீர்ந்து வெற்றியும் கிட்டியிருக்கும் என்று வாதிப்போர் உளர். ஸ்லிம் அஞ்சியதும் அதனையே. எனினும் களஞ்சியத்தைப் பிடித்தல் ஒன்று. மலைவழிகளுக்கு அப்பால் அதனைக் கைவிடாது காத்தல் மற்றொன்று. மூன்று வார உணவுடன் வந்தவனை இன்னும் சிறிது தூரம் செல்க என்று சொல்லும் வாதம், எவ்வுச்சியிலும் சொல்லத்தக்க வாதமே.

மே மாதத்தில் மழை இறங்கிற்று. அரிசி இல்லை, தோட்டா இல்லை, கேட்டுக் கேட்டு அனுப்பிய செய்திகளுக்குப் பொருளாக ஒன்றும் வரவில்லை. மே இறுதியில் சாத்தோ ஆணையை மீறிப் பின்வாங்கலானார். கீழ்ப்படியாமை போர்த்தொழிலிற் பெருங்குற்றம். அதனால் இம்பாலைச் சூழ்ந்திருந்த தோழர்களின் பக்கமும் வெறிதாயிற்று என்பதை மறைத்தலாகாது. ஆனால் நின்றிருந்தால் அவர்தம் மக்கள் பசியால் மாண்டிருப்பர் என்பதும் மறுக்கவொண்ணாதது.

இதனினும் துயரமானது ஜூன் முதல் வாரத்தில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு. பர்மாவின் ஜப்பானியத் தலைமைத் தளபதி கவாபே, முடாகுச்சியின் பாசறைக்கு வந்தார். படையெடுப்பு தோற்றுவிட்டது என்பது இருவர்க்கும் தெரியும். நிறுத்தலாம் என்னும் சொல் தம் தொண்டைவரை வந்ததென்றும், தம் முகத்தைக் கண்டே கவாபே அதனை உணர்ந்துகொள்ள விரும்பியதாகவும் முடாகுச்சி பிற்காலத்தில் கூறினார். கவாபேயோ அவர் வாய்திறந்து சொல்லாததால் தாமும் கேளாது திரும்பினார். முடிவுக்கு மேலிடத்து ஒப்புதல் ஜூலைத் தொடக்கத்திலேதான் வந்தது. இடைப்பட்ட நாட்களில், ஒருவரும் நம்பாத ஒரு தாக்குதலின்பொருட்டுச் சிப்பாய்கள் மழையில் மடிந்தனர். சென்றோர் ஏறக்குறைய 85,000 பேர். மாண்டோர் ஏறக்குறைய 30,000 பேர். அவருட் பலர் பட்ட காயத்தால் அன்றி, பசியாலும் வயிற்றுக்கடுப்பாலும் மலேரியாவாலும் மாண்டவர். அவர்கள் திரும்பிய பாதையை ஜப்பானியர் வெள்ளெலும்புச் சாலை என்று அழைத்தனர்.

மூன்று டிவிஷன் தலைவர்களும் பதவி இழந்தனர். இராணுவ நீதிமன்றத்தின் முன் நின்று, உணவு வாராமை முதலிய அனைத்தையும் உரைக்கச் சாத்தோ காத்திருந்தார். அவருடைய மனநிலை திரிந்திருந்தது என்று மருத்துவர் கூறிவிடவே, விசாரணை நடைபெறவில்லை.